கயிற்றோடு முடியும் கதைகள்

“கொலைச் சிந்து! கொலைச் சிந்து!” — சந்தை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு இப்படியொரு குரல் எழுந்த காலம் உண்டு. மட்டத்தாளில் அச்சிட்ட சில பக்கங்கள்; விலையோ காலணா, அரையணா. திருவிழாத் திடலிலே பாடுவர், இரயில் பெட்டியிலே பாடுவர், முச்சந்தியிலே நின்று பாடுவர். கேட்டவர் கண்ணீர் வடிப்பர். வடித்த கண்ணீரைத் துடைத்தவாறே காசு கொடுத்து வாங்கிச் செல்வர். நேற்று நடந்த கொலை, இன்று பாட்டு! நாளை வேறொரு கொலை, வேறொரு பாட்டு!

புலவர் பெருமக்கள் இவற்றை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் (2004) இந்தக் குஜிலிப் பதிப்புகளை இலக்கிய வரலாற்றின் திண்ணையிலே உட்கார வைத்தார். நல்ல பணி. உட்கார வைத்தாயிற்று, இனி, வந்தவரை நாலு கேள்வி கேட்பதும் திறனாய்வின் வேலைதானே?

முதற்கேள்வி: கொன்றவன் ஏன் கொன்றான்? சிந்து பெரும்பாலும் சொல்லும் விடை ஒன்றே — விதி. தலையெழுத்து அப்படி, சனியின் பார்வை அப்படி, போன பிறவியின் வினை அப்படி! காப்பிலே தொடங்கும் பாட்டு கயிற்றிலே முடியும். இடையிலே வெட்டு உண்டு, குத்து உண்டு, இரத்தம் ஆறாய் ஓடும். உள்ளம் மட்டும் இல்லை. அரிவாளின் நீளத்தை அங்குலக் கணக்கில் அறிந்த பாட்டுக்காரர், அதைப் பிடித்த கையின் நடுக்கத்தை அறிய முற்படவில்லை.

“அது பழைய கதை, பாமரர் பாட்டு” என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாது. ‘விதி’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘மிருகம்’ என்ற சொல்லை வைத்துவிட்டு, அதே சிந்தைத்தான் வார ஏடுகளிலும் வண்ணத் திரையிலும் இன்றளவும் பாடிக்கொண்டிருக்கிறோம். சான்று வேண்டுமா? ஆட்டோ சங்கர்.

கௌரி சங்கர் என்பது அவன் பெயர். சென்னை திருவான்மியூரில் ஆட்டோ ஓட்டியவன். சாராயத்திலும் விபசாரத் தொழிலிலும் பணம் குவித்தவன். ஆறு கொலைகளுக்காகச் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31-ஆம் நாள் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதி மன்றம் 1992-இல் அதை உறுதி செய்தது. உச்சநீதி மன்றமும் 1994 ஏப்ரலில் மேல்முறையீட்டைத் தள்ளியது. கருணை மனு காத்திருந்த அந்தச் சில மாதங்களிலேதான் இலக்கியம் உள்ளே நுழைகிறது. சிறையில் இருந்தபடியே முந்நூறு பக்கத்தில் தன் வரலாற்றை எழுதினான் என்றும், மனைவி வழியாகவும் வழக்கறிஞர் வழியாகவும் அது ‘நக்கீரன்’ ஏட்டுக்கு வந்தது என்றும் ஏட்டின் சார்பில் கூறப்பட்டது. தொடர் வரப்போகிறது என்று 1994 மே மாதம் அறிவிப்பு வெளிவந்தது. ஜூன் மாதமே சிறைத்துறைத் தலைமையிடமிருந்து கடிதம் பறந்தது: அப்படியெல்லாம் அவன் எழுதவில்லை, வெளியிடக் கூடாது!

ஏன் இந்தப் பதற்றம்? தூக்குக்குப் போகிறவனின் புலம்பல் அரசாங்கத்தை என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது — புலம்பலாக மட்டும் இருந்திருந்தால். அந்த முந்நூறு பக்கத்தில் உயர் அதிகாரிகள் பலரோடு அவனுக்கிருந்த நெருக்கம் விரித்துரைக்கப்பட்டிருக்கிறது, அவர்களில் சிலர் அவன் குற்றங்களில் கூட்டாளிகள் என்பதே ஏடு வழக்கு மன்றத்தில் வைத்த வாதம். 1994 அக்டோபர் 7-ஆம் நாள் நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டியும் எஸ்.சி. சென்னும் தீர்ப்பளித்தனர். பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவன் வரலாற்றை அவன் இசைவு இல்லாமலே வெளியிடலாம். அதற்கு அப்பால் சென்றால் அவனுடைய அந்தரங்க உரிமையைத் தொட நேரும். அவதூறு வரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடுக்க இயலாது. வெளிவந்த பின்னர் வழக்காடலாம் என்றது மன்றம். எழுத்துரிமையின் வரலாற்றில் அது பெருந்தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளிலே இன்றும் அதைப் படிக்கிறார்கள். 1995 ஏப்ரல் 27-ஆம் நாள் சேலம் மத்தியச் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

தீர்ப்பு வாழ்கிறது. அதிகாரிகளைப் பற்றிய பக்கங்கள்? தெருவிலே போகிற பத்துப் பேரை நிறுத்தி ‘ஆட்டோ சங்கர்’ என்று சொல்லிப் பாருங்கள். “ஐயோ, அந்த அரக்கனா!” என்பார்கள். அவனுக்கு யார் காவல் நின்றார்கள், எந்தக் கதவுகள் அவனுக்காகத் திறந்தன என்று கேட்டால் விழிப்பார்கள். 2019-இல் இணையத் தொடராகவும் அவன் கதை வந்தது. அரக்கன்தான் மறுபடியும் மேடையேறினான். (ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் செய்த தொழில்களிலே நேர்மையானது ஆட்டோ ஓட்டியதொன்றே. அந்தத் தொழிலைத்தான் அவன் பெயரோடு ஒட்டவைத்து, வெயிலிலே வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஆயிரமாயிரம் உழைப்பாளிகளின் நெற்றியிலே கறை பூசினோம். ‘சாராய சங்கர்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை!)

இது நம் நாட்டு நோய் மட்டும் அன்று. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் ஹால்கம் என்னும் சிற்றூரில் 1959 நவம்பரில் ஒரு குடும்பத்தார் நால்வர் கொல்லப்பட்டனர். ட்ரூமன் கப்போட்டி என்ற எழுத்தாளர் அங்கே சென்றார், ஊராரோடு பேசினார், பிடிபட்ட இரு கொலைஞரோடும் பேசினார், ஆண்டுக்கணக்கிலே பேசினார். அவர்களுள் ஒருவன் சிறுவயதில் அனாதை விடுதியில் அடிபட்டவன் என்பதையும், தாயின் குடியால் சிதைந்த குடும்பத்தவன் என்பதையும் தோண்டி எடுத்து எழுதினார். உண்மைக் கொலை வரலாற்றிலே கொலைஞனுக்கும் ஓர் உள்ளம் உண்டு என்று உலகுக்குக் காட்டிய நூல்களில் அது தலையாயது. ஆயினும் அந்த நூலுக்கு முடிவு வேண்டியிருந்தது. முடிவு எது? தூக்கு! மேல்முறையீடுகள் நீண்டன, எழுத்தாளர் காத்திருந்தார். 1965 ஏப்ரல் 14-ஆம் நாள் இருவரும் தூக்கிலே தொங்கினர். அவ்வாண்டே இதழில் தொடர். மறு ஆண்டு நூல். தன்னிடம் மனம் திறந்தவனின் சாவுக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருப்பது எத்தகைய நிலை! அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. இத்துணை ஆழமாக எழுதியவருக்கும் கயிறு இல்லாமல் கதையை முடிக்க வழி தெரியவில்லை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

கதை எப்படியோ, தண்டனையும் அப்படி. 1944-இல் சென்னையில் இலட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மாண்டான். ‘இந்துநேசன்’ ஏட்டிலே பிறர் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்தவன் அவன். தியாகராச பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றனர், 1947-இல் விடுதலையாயினர். அன்று தூக்கு விதித்து உடனே நிறைவேற்றியிருந்தால், அந்த விடுதலைத் தீர்ப்பை எந்தக் கல்லறையில் ஒட்டியிருப்பார்கள்? 1952-இல் ஆளவந்தார் கொலை. தலை வேறு, உடல் வேறாக்கி, உடலை இரயிலேற்றிய வழக்கு. தண்டனையோ ஒருவருக்கு ஏழாண்டு, மற்றவருக்கு மூன்றாண்டு. செத்தவரின் ஒழுக்கம் பற்றிய பேச்சே ஊரெல்லாம் மிகுந்திருந்தது. கொடூரத்தின் அளவை வைத்தே தண்டனை என்போர் இதற்கு என்ன விடை தருவரோ!

கொலையை எழுதத் தமிழனுக்குத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். எழுதிக் காட்டியவர் இருக்கிறார். அவர் பெயர் இளங்கோ.

சிலப்பதிகாரத்திலே கொலைக்களக் காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம்: “கோவலனைக் கொன்றவர் யார்?” பாண்டியன் என்பான் ஒருவன். பொற்கொல்லன் என்பாள் ஒருத்தி. ஊழ் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். உரைநூல் படித்த பிள்ளை! வாளை வீசியவன் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லவும் இயலாது, அவனுக்குப் பெயரே இல்லை. குடித்திருந்த காவலன் ஒருவன் — அவ்வளவே.

அந்தக் காட்சியைச் சற்று நின்று பாருங்கள். மன்னன் ஊடல் தீர்க்கும் அவசரத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறான். சொன்னவன் கையில் வாள் இல்லை. காவலர் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்த உடனே தயங்குகிறார்கள் — இந்த முகம் கொலைக்குரிய முகமாகத் தோன்றவில்லையே! அந்தத் தயக்கம்தான் கோவலனின் கடைசி வாய்ப்பு. அங்கேதான் பொற்கொல்லன் வாய் திறக்கிறான். கள்வரின் இயல்பு என்ன, அவர்களுடைய மந்திரம் என்ன, மருந்து என்ன, கருவி என்ன என்று நூல் கற்றவன்போல் அடுக்குகிறான். கதைமேல் கதை சொல்கிறான். அவன் பேசப் பேச, எதிரே நிற்கும் மனிதன் மெல்ல மெல்ல மறைந்து, ‘கள்வன்’ என்ற சொல் மட்டும் நிற்கிறது. தயங்கியவர் தயக்கத்தை விட்டனரா, விடவில்லையா என்று முடிவாவதற்குள்ளேயே குடிகாரன் கை ஓங்கிவிடுகிறது.

சொன்னவன் ஒருவன், தூண்டியவன் ஒருவன், தயங்கிப் பின் தடுக்காமல் நின்றவர் சிலர், வீசியவன் ஒருவன்! கொலை ஓர் உள்ளத்தில் விளைவதில்லை, பல உள்ளங்களில் பகிர்ந்து விளைகிறது என்பதை ஒரு சிறு காட்சியிலே கண்ணெதிரே நிறுத்திவிட்டார் அந்தத் துறவி. ஊழின்மேல் பழி போடுவது அவர் நூலிலும் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஊழ் என்று சொல்லிவிட்டு ஆட்களை மறைத்தாரா? இல்லை! எல்லாரையும் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஊழ் என்றார். சிந்துக்காரருக்கும் அவருக்கும் உள்ள தொலைவு அதுதான்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்துக்கு வாருங்கள். முதலில் சிதம்பரம். நந்தன் கதையை அறியாதார் யார்? தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தவர் தில்லைக்கு வந்தார், தீயில் மூழ்கினார், பூணூலணிந்த முனிவராய் எழுந்தார், கோயிலுள் சென்று மறைந்தார் என்கிறது பெரிய புராணம். ஒரு மனிதர் தீக்குள் போனார், அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை — இதே செய்தியை இன்று ஒரு காவல் நிலையத்திலே சொன்னால் என்ன வழக்குப் பதிவார்கள்? பகுத்தறிவாளர் நெடுங்காலமாகக் கேட்ட கேள்வி இது. இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ என்ற நாடகத்தில் இந்த ஐயத்தையே மேடையேற்றினார். வரலாற்றுச் சான்று கொண்டு முடிவுகட்ட இயலாத செய்தி. ஆனால் தீயை முத்தியாக எழுதும் பேனா எதையும் எழுதும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்து விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் வேதிப்பொறியியல் பட்டதாரி, ஆதித்திராவிடர். கண்ணகி வணிகவியல் படித்தவள், வன்னியர். 2003 மே 5-ஆம் நாள் எங்கள் கடலூரிலே பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஜூலை 8-ஆம் நாள் ஊரார் கூடியிருக்க, அவள் தந்தையும் அண்ணனும் முன்னின்று, இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்றனர், உடல்களை எரித்தனர். எப்படிப் புகட்டினர் என்று நான் விரிக்கப் போவதில்லை. விரிப்பதற்குத்தான் சிந்துகள் இருக்கின்றனவே!

அந்தக் கொலையை முதலில் எழுதியவர் யார்? பாட்டுக்காரர் அல்லர், செய்தியாளர் அல்லர், காவல் நிலையம்! பல நாள் கழித்தே வழக்குப் பதிந்தார்கள். பதிந்தபோது, கொல்லப்பட்ட முருகேசனின் வீட்டாரையும் குற்றவாளிகளாகச் சேர்த்து எழுதினார்கள் — இருபுறத்தாரும் அவரவர் பிள்ளையை அவரவரே கொன்றுகொண்டார்கள் என்பதுபோல! என்ன கற்பனை வளம்! 2004-இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறிய பிறகே உண்மைக் கதை எழுதப்பட்டது. பொய்க்கதை எழுதிய காவலர் இருவரும் பின்னர்க் குற்றவாளிப் பட்டியலில் ஏறினர்.

இந்தக் கொலைஞரின் உள்ளத்தை ஆராய உளநூல் வல்லார் எந்த ஏட்டைப் புரட்டுவர்? அனாதை விடுதியில் அடிபட்டவர்களா? இல்லை. சித்தம் கலங்கியவர்களா? இல்லை. சாராயக் கும்பலா? இல்லை. வீடு உண்டு, நிலம் உண்டு, ஊரில் மதிப்பு உண்டு. அந்த மதிப்புத்தான் நஞ்சு! நாளைக்குத் தெருவில் நடந்தால் என்ன சொல்வார்கள், பங்காளி வீட்டுப் பந்தியில் எந்த இலையில் உட்கார வைப்பார்கள் என்ற அச்சம், பெற்ற பாசத்தை வென்றிருக்கிறது. அந்தப் பேச்சைப் பேசிய வாய்கள் எத்தனை? பொற்கொல்லர் எத்தனை பேர்? நம் ஏடுகளோ இதற்கு ‘கௌரவக் கொலை’ என்று பெயர் சூட்டின. கொலைஞன் தன் செயலுக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரை அப்படியே அச்சுக்கோத்தோம்! பிறகு தமிழ்நாட்டின் இயக்கத்தாரும் எழுத்தாளரும் அதைத் தூக்கி எறிந்து ‘ஆணவக் கொலை’ என்றனர். ஒரு சொல்லை மாற்றியது சிறு செயலா? கொலைஞனின் உள்ளத்தைப் பற்றி இந்த அரை நூற்றாண்டில் தமிழில் எழுதப்பட்ட சிறந்த திறனாய்வு அந்த ஒரு சொல்தான் என்பேன்.

கடலூர் நீதிமன்றம் 2021 செப்டம்பர் 24-ஆம் நாள் பதின்மூவரைக் குற்றவாளிகள் என்றது. பன்னிருவருக்கு ஆயுள், அண்ணனுக்குத் தூக்கு. ஒரு கழுத்து! 2022 ஜூனில் உயர்நீதி மன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் உச்சநீதி மன்றம் எஞ்சியோரின் தண்டனையை நிலைநிறுத்தி, இக்குற்றத்தின் வேர் சாதிப் படிநிலையே என்றும் எழுதியது. கொலை நடந்து இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

தூக்கைக் குறைத்தபோது நண்பர்கள் சிலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் அதனோடு நான் உடன்படவில்லை. “கொலையிற் கொடியாரை ஒறுத்தல் களை பறிப்பதை ஒக்கும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே!” என்று ஒரு தமிழாசிரியர் என்னை மடக்கினார். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். கொல்லுதல் என்று பொருள் கொண்டது பரிமேலழகர். அது கிடக்கட்டும், களை என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து வயலிலே கோரை மண்டும். தழையைப் பிடித்து இழுத்தால் தழை கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளே கிடக்கும். பத்து நாளிலே மறுபடியும் பச்சை! 2011-இல் உச்சநீதி மன்றம் இத்தகைய கொலைஞருக்குத் தூக்கே காத்திருக்கிறது என்று எச்சரித்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே சங்கரை வெட்டினார்களே! எச்சரிக்கை எங்கே போயிற்று? அந்த வழக்கில் 2017-இல் அறுவருக்குத் தூக்கு. 2020-இல் உயர்நீதி மன்றத்தில் பெண்ணின் தந்தைக்கு விடுதலை, மற்ற ஐவருக்குத் தண்டனைக் குறைப்பு. தழையைக் கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

சட்டம் மெல்லவேனும் நடக்கிறது. 1980-இல் ‘அரிதினும் அரிதான’ வழக்குக்கே தூக்கு என்றது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில், தூக்கு விதிக்குமுன் குற்றவாளியின் மனநிலை ஆய்வறிக்கையை விசாரணை மன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்றது. நீதிபதி உள்ளத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார், எழுத்தாளர்?

ஒருவர் கேட்டார். பெருமாள் முருகனின் ‘பூக்குழி’ (2013) புனைகதைதான்; உண்மை வழக்கின் வரலாறு அன்று. ஆயினும் உண்மை வரலாறு எழுதுவோர் அதனிடம் பாடம் கேட்கலாம். வேறு சாதிப் பெண்ணை மணந்து கூட்டி வருகிறான் மகன். தாயின் வாய் ஓயவில்லை. அழுகிறாள், ஏசுகிறாள், ஒப்பாரி வைக்கிறாள். ஊர் அவர்களை ஒதுக்குகிறது. அரிவாள் எங்கும் தென்படவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கொலை வளர்கிறது, வசவாக, கேலியாக, ‘நல்லதுக்குச் சொல்கிறேன்’ என்னும் அறிவுரையாக! தீ மூளுமுன்பே படிப்பவருக்குச் சூடு தெரிந்துவிடுகிறது. அந்தத் தாயின் மேல் வெறுப்பு வருகிறது, இரக்கமும் வருகிறது. இரண்டையும் ஒருசேர வரவழைத்ததால்தான் அந்த நூல் என்னை உறங்கவிடவில்லை.

புதுக்கூரைப்பேட்டையைப் பற்றி அப்படியொரு நூல், புனைவில்லாமல், வழக்கு ஆவணங்களின் துணையோடு எழுதப்பட வேண்டும். எழுத வருபவர் சிறையிலிருக்கும் அண்ணனிடம் மட்டும் போய் நிற்க வேண்டாம். அந்த வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். கண்ணால் பார்த்தவர்கள், மன்றத்திலே ஏறி, பார்க்கவில்லை என்றனர். முருகேசனின் சிற்றன்னை பிறழவில்லை. அந்த அம்மையாரின் சாட்சியத்தை உச்சநீதி மன்றம் ஏற்றது. படிப்பும் பதவியும் உடையவர்கள் பொய்யெழுதிய ஊரில், ஓர் ஏழைப் பெண் பல ஆண்டுகள் ஒரே சொல்லில் நின்றிருக்கிறார். அவரிடம் போகட்டும். பிறகு, பிறழ்ந்தவர் வீடுகளுக்கும் போகட்டும். அவர்கள் கொலைஞர் அல்லர். அன்று அந்தக் கூட்டத்திலே நின்றவர்கள். பிறகு இருபதாண்டு அதே தெருவிலே தண்ணீர் பிடித்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். அவர்களுள் ஒருவராவது அன்று, கோவலன் முன் நின்ற காவலர்போல, ஒரு நொடி தயங்கினாரா? தயங்கியிருந்தால், பக்கத்தில் நின்றவர் அவர் காதில் என்ன சொன்னார்?